காலை அறிவித்தலில் ஒரு திருத்தம்

இறந்தவரைச் சுற்றும் வெள்ளைக் கபன் துணியின் ஒரு முனையை ஜெஸ்லியா பிடித்திருந்தாள். மறுமுனை, தகப்பனின் தங்கை ஸீனத் மாமியின் கையில். மாமி ஓரத்தைப் பல்லால் கடித்துக் கீறிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தபோது, துணி நேராகக் கிழிந்துகொண்டு வந்தது. பாதித் தூரம் வந்திருக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அறிவித்தல். எமதூரைச் சேர்ந்த, படகு எஞ்சின் திருத்தும் முஹைதீன் அவர்கள் இன்று அதிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன்னர் காலமானார்கள். அன்னார் பாத்தும்மாவின் கணவரும், நஸாரின் தந்தையும்," இங்கே பள்ளி நிர்வாகத்து லாபிர் ஹாஜியார் மூச்செடுத்துக்கொண்டார், "உலகத்தில் எவருமே காணாத அணுத் துணிக்கையைச் சுவிற்சர்லாந்தில் கண்டுபிடித்து எமதூருக்குப் பெருமை சேர்த்த விஞ்ஞானி ஜெஸ்லியாவின் அன்புத் தந்தையுமாவார்கள். நண்பகல் லுஹர் தொழுகையின் பின்னர் நல்லடக்கம்."

ஜெஸ்லியாவின் கையிலிருந்து துணி நழுவியது.

"இறுக்கிப் பிடி மகள், கோணலாப் போகும்," என்றாள் மாமி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா? மௌத்து அறிவித்தலிலயும் ஒன்ட பேர். என்ட காக்கா குடுத்துவச்சவர்," என்றாள்.

ஜெஸ்லியா குனிந்து துணியை எடுத்தாள். அவள் எந்தத் துணிக்கையையும் கண்டுபிடிக்கவில்லை.

மன்னார்க் கரையில், சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையில் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் அந்தச் சிறிய ஊருக்கு அவள் 'சுவிஸ் டொக்டர்'. லீவில் வரும்போதெல்லாம் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு இரண்டு பேராவது வந்துவிடுவார்கள். அவள் செய்வது என்ன வேலை என்று சரியாகத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் இப்போது முற்றத்தில் சீலை மறைப்புக்குள் வைத்து, அவளுடைய மூத்தவனான நஸார் காக்காவும் இன்னும் இரண்டு பேரும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முஹைதீன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு எஞ்சினுக்குள் கையை விட்டவர். அணுவுக்குள் இருக்கும் புரோத்தன் என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால், காணாத ஒன்றைத் தேடுவது எப்படியென்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இஸ்லாமிய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் பின்னேரத்தில் பள்ளிவாசலுக்காகப் பிறை பார்க்கிறவர் அவர்தான். வீட்டுக்குப் பின்னால் இருபது எட்டு வைத்தால் கரை. மேற்கே மறைப்பில்லாத கடல். பிறையைக் கண்டால் மறுநாள் புது மாதம். காணாவிட்டால் நடக்கிற மாதத்தை முப்பது நாளாக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுவும் ஒரு முடிவுதான் என்பார்.

ஏழு வருடத்துக்கு முன்பு அவள் முதன்முதலாகத் தன் வேலையைச் சொன்னபோது, கையில் ஒட்டியிருந்த கிறீஸைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நமக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு துணிக்கைக்கும் பாரமான ஒரு சோடி இருக்கணும் எண்டு கணக்குச் சொல்லுது வாப்பா. மீச்சமச்சீர் எண்டு அதுக்குப் பேர். அந்தச் சோடியைத்தான் நாங்க தேடுற."

"ஆரும் கண்டதில்லையா?"

"இல்ல."

"பிறகெப்பிடித் தேடுற?"

"நிலத்துக்குக் கீழ பெரிய வளையம் ஒண்டிருக்கு. அதுக்குள்ள புரோத்தன்கள எதிரெதிரா ஓடவிட்டு மோதவிடுவம். தெறிக்கிற எல்லாத்தையும் கூட்டிப் பாப்பம். ஒரு பக்கம் குறைஞ்சா, பிடிபடாம என்னமோ போயிருக்கு எண்டு அர்த்தம்."

"நீங்க பிழையாக் கூட்டினாலும் குறையும்தானே?"

ஜெஸ்லியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய ஆய்வுக்குழுக் கூட்டங்களில் பாதி நேரம் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் சொன்னாள். ஆசையில் கண் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக, எப்படிப் பார்ப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும்வரை, அந்தச் சோடி இருக்கக்கூடிய இடத்துத் தரவுகளை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்றாள். முஹைதீன் தலையாட்டினார். "அது சரிதான். நானும் ரெண்டு தரம் கண்ண மூடித் திறந்திட்டுத்தான் பாக்கிற. நோன்பு ஆசையோட பாத்தா, முகில் விளிம்பும் பிறையாத்தான் தெரியும்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் தொலைபேசி எடுத்தால் கடைசியில் ஒரு கேள்வி வரும். "கண்டிட்டியா?" "இல்ல வாப்பா." "சரி, முப்பதாக்கு." அவ்வளவுதான். உலகத்தில் வேறு எவரும் அவளுடைய தோல்வியை அத்தனை சாதாரணமாக வாங்கிக்கொண்டதில்லை.

அவர் அப்படிப் பேசியது சும்மா வாய்ப்பேச்சில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்த்த ஓர் இரவு, லாபிர் ஹாஜியாரின் மகனும் கூட்டாளிமாரும் பிறையைக் கண்டதாகக் கரையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஊர் பெருநாள் தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டது. முஹைதீன், "நானும் அங்கதான் நிண்ட. நான் காணல்ல. இவங்க சத்தியம் பண்ணுவாங்களா எண்டு கேளுங்க," என்றார். பொடியன்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஊர் முப்பதாம் நோன்பையும் பிடித்தது. ஆனால் அடுப்பில் ஏற்றிய பெருநாள் இனிப்பு வட்டிலாப்பம் வீணாய்ப்போன கோபம் ஊருக்கு ஆறவில்லை. பள்ளி நிர்வாகத்தில் இருந்த லாபிர் ஹாஜியாரின் ஆட்கள் இரண்டு மாதம் எஞ்சினைச் சிலாவத்துறைக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள். முஹைதீன் வெறும் கொட்டிலில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நேற்று அவள் பொய் சொன்னாள்.

மன்னார் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். பிற்பகல், அஸர் நேரம். உம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா கண்ணைத் திறந்து, "கண்டிட்டியா?" என்றார். குரலில் காற்று மட்டும்தான் இருந்தது. 'இல்ல வாப்பா' என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். "கண்டிட்டம் வாப்பா," என்று வந்தது. அவர் பல் தெரியச் சிரித்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

அவருக்காகச் சொன்னதாகத்தான் அந்த நேரத்தில் நினைத்தாள். இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், தனக்காகவும் சொன்னது தெரிந்தது. போன வருடம் தரவு வரைபில் ஓர் இடத்தில், அந்தச் சோடிதானோ என்னும்படி, சின்ன மேடு ஒன்று எழும்பியிருந்தது. நான்கு மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தரவு சேர்ந்ததும் மேடு கரைந்து மட்டமாகிவிட்டது. அதை அவள் வாப்பாவிடம் சொல்லவேயில்லை. ஒருமுறையாவது 'கண்டோம்' என்று ஒருவரிடம் சொல்லிப் பார்க்க அவளுக்கும் ஆசையாக இருந்திருக்கிறது.

லுஹருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கையில் நஸார் இடுப்பில் ஈரச் சாரத்தோடு குசினிப் பக்கம் வந்தான். ஜெஸ்லியா அவனைக் குழாயடியில் மறித்தாள்.

"காக்கா, லாபிர் ஹாஜியாருக்கு ஆர் சொன்ன?"

"என்னத்த?"

"நான் கண்டுபிடிச்ச எண்டு."

"நான்தான். நேத்துப் பொழுதுபட மஃரிபுக்குப் போகேக்க. வாப்பா சொல்லச் சொன்னவர்." நஸார் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "'அவள் கண்டிட்டாள், பள்ளிக்கு அறிவிச்சிடு' எண்டார். பிறை கண்டா எப்பிடிச் சொல்லுவாரோ, அதே மாதிரி."

ஜெஸ்லியா குழாயை மூடினாள். "அது பொய் காக்கா."

"எது?"

"நான் காணல்ல. ஆருமே காணல்ல. வாப்பா கேட்டார், சொல்லிட்டன்."

நஸார் அவளைப் பார்த்தான். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுது சிவந்த கண்ணில் கோபம் வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இத இப்ப ஏன் எனக்கிட்டச் சொல்ற?"

"அடக்க முந்தி மாத்திச் சொல்லணும்."

"ஒனக்கென்ன விசரா? வெளிய நூறு பேர் நிக்குது. மகள் வாப்பாட்டப் பொய் சொன்னாள் எண்டு மையத்த வச்சுக்கொண்டு மைக்கில சொல்லச் சொல்றியா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "சுவிஸ்ல ஒரு சாமான் இருக்குதா இல்லையா எண்டு இந்த ஊர்ல ஆருக்கு என்ன? விடு புள்ள. நாலு நாள்ல மறந்திடுவாங்க."

மறந்துவிடுவார்கள்தான். ஆனால் வாப்பா இந்த உலகத்தில் பள்ளிக்கு அனுப்பிய கடைசி அறிவித்தல் பொய்யாக நிற்கும். அதை அவள் சொல்லத் தொடங்குமுன் நஸார் மாற்றுச் சாரம் தேடிப் போய்விட்டான்.

முகத்தை மூடுவதற்கு முன் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து வாப்பாவின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கற்பூர வாசம் அடித்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, "எங்களப் பொருந்திக்கொள்ளுங்க," என்று மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். பொய்யை ஒப்புக்கொள்ள ஜெஸ்லியா இரண்டு வசனம் மனதில் கட்டிவைத்திருந்தாள். குனிந்தபோது பின்னால் ஸீனத் மாமி முதுகைத் தடவி, "சந்தோசமாப் போறார் மகள். நீதான் அனுப்பிவச்ச," என்றாள். எல்லாரையும் போல, "பொருந்திக்கொள்ளுங்க வாப்பா," என்று மட்டும் சொன்னாள். பிறகு துணியைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கை முடக்கில் திரும்பித் தேய்ந்தது. அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஜெஸ்லியா கேற்றடியில் நின்றாள். மண் போடுகிற நேரம் எது என்றுகூட அவளுக்குத் தெரியப்போவதில்லை.

பின்னேரம் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. உம்மா உள்ளறையில் விதவைக்குரிய இத்தா இருக்கத் தொடங்கியிருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் இனி அந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். ஜெஸ்லியாவின் தொலைபேசிக்கு அவளுடைய குழுத் தலைவர் ஆறுதல் எழுதியிருந்தார்: வேண்டிய அளவு விடுப்பு எடு, கட்டுரையின் இறுதி வரைவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. ஏழு வருட உழைப்பு அந்தக் கட்டுரை. பெயர்கள் மட்டும் இருபது பக்கம் வரும். முடிவு ஒரே வரிதான்: தேடிய இடத்தில் எதுவும் தென்படவில்லை. அங்கே இருக்கிற மூவாயிரம் பேருக்கும் அந்த வரியின் பொருள் தெரியும். அவளுடைய வாப்பாவைத் தெரியாது. இங்கே எல்லாருக்கும் வாப்பாவைத் தெரியும். இரண்டையும் தெரிந்த ஒருவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு யாரிடமாவது வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

அன்று ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் விடிந்தால் நோன்பு. மௌத்து வீடென்று வானம் காத்திருக்காது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னதாக லாபிர் ஹாஜியாரும் நஸாரும் நாலைந்து பேரும் வீட்டுக்குப் பின்னால் கரைக்கு வந்து நின்றார்கள். ஜெஸ்லியா சால்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வேலியடியில் நின்றாள். பிறைக்குப் பெண்ணின் சாட்சியை அவர்கள் எடுப்பதில்லை. பார்ப்பதற்குத் தடையில்லை.

சூரியன் கடலுக்குள் இறங்கியது. அடிவானத்தில் மெல்லிய புகார் மூட்டம். ஒருவர் கையை நீட்டினார், பிறகு தானாகவே மடக்கிக்கொண்டார். ஜெஸ்லியா கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்தாள். செம்மஞ்சள் சாம்பலாகி, சாம்பல் நீலமாகியது. ஒன்றுமில்லை. கடல் மட்டும் தன்பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது.

"முஹைதீன் காக்கா இல்லாத முதல் பிறை," என்றார் லாபிர் ஹாஜியார். குரல் தழுதழுத்தது. பிறகு வேலிப் பக்கம் திரும்பி, சோகத்தைக் கலைக்க நினைத்தவர்போல், "என்ன மகள், ஒன்ட கண்ணுக்கு ஏதும் பட்டிச்சா? ஆரும் காணாததக் கண்ட ஆளாச்சே," என்றார்.

"காணல்ல ஹாஜியார்," என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதையும் காணல்ல."

"எத?"

"காலையில மைக்கில சொன்னீங்களே, அத. நான் ஒண்டும் கண்டுபிடிக்கல்ல. வாப்பாட்ட நான் சொன்னது பொய். அவருக்குத் தெரியாது. நம்பித்தான் ஒங்களுக்குச் சொல்லி அனுப்பினவர்."

நஸார், "ஜெஸ்லி!" என்றான். மற்றவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

"நான் மைக்கில சொல்லிட்டனே மகள்," என்றார் லாபிர் ஹாஜியார். அடிபட்ட மனிதராகத் தெரிந்தார்.

"ஓம். அதனால மைக்கிலயே மாத்திச் சொல்லணும்."

"மௌத்து வீட்ட இப்பிடிச் சங்கடப்படுத்த ஏலா புள்ள. சனம் என்ன கதைக்கும்? ஒன்னத்தான் கதைக்கும்."

"கதைக்கட்டும். என்ன கதைச்சாலும் அது என்னோட போகும்." அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. "வாப்பா ஒரு நாளும் காணாததக் கண்டன் எண்டு சொன்னதில்ல ஹாஜியார். இண்டைக்கு அவர்ட பேரில ஒரு பொய்ப் பிறை நிக்குது. ஒங்களுக்குத் தெரியாததா?"

லாபிர் ஹாஜியாருக்குத் தெரியும். அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். பள்ளிப் பக்கம் நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நஸார் மட்டும் கொஞ்சம் நின்றான். தங்கையிடம் வந்துவிடுவான்போல இருந்தது, வரவில்லை.

மஃரிப் முடிந்து வீட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். நோன்பு பிடிக்கமுன் சாப்பிடும் ஸஹருக்கு என்ன சமைப்பது என்று இரண்டு பேர் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எமதூர்க் கரையில் இன்று ரமழான் தலைப்பிறை தென்படவில்லை. கொழும்புக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. தீர்மானம் கிடைத்ததும் அறியத்தரப்படும்." ஓர் இருமல். ஒலிவாங்கியை மூடிவிட்டதாக எல்லாரும் நினைத்த நேரத்தில் குரல் மறுபடியும் வந்தது. இம்முறை அது வாசிக்கிற குரலாக இல்லை. "காலையில் செய்த ஜனாஸா அறிவித்தலில் ஒரு திருத்தம். மர்ஹூம் முஹைதீன் அவர்களின் மகள் ஜெஸ்லியா தேடிக்கொண்டிருக்கும் துணிக்கை இதுவரை தென்படவில்லை. பிழை, மர்ஹூம் அவர்களுடையதல்ல. அன்னார் இருபத்திரண்டு வருட காலம் எமதூருக்குப் பிறை பார்த்தவர்கள். ஒருபோதும் பிழையாகச் சொன்னதில்லை. ஒரு பெருநாளில் நாங்கள்தான்," என்று தொடங்கி, அதை முடிக்காமல், "வஸ்ஸலாம்," என்றார்.

ஸீனத் மாமி ஜெஸ்லியாவை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் முதுகைத் தடவிய கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். "வாறம் என்ன," என்று ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. செருப்புத் தேடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கடைசியாக மாமியும் போனாள். உள்ளறைக்கு மட்டும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. ஜெஸ்லியா சோற்றைச் சஹனில் கொட்டி, நடுவில் ஆணக் குழம்பை ஊற்றி, வீட்டார் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் அந்தப் பெரிய தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பாத்தும்மா வெள்ளைச் சீலையைப் போர்த்திக்கொண்டு பாயில் இருந்தாள். லைற் போடவில்லை. கூடத்து வெளிச்சம் வாசலளவுக்கு விழுந்திருந்தது.

"கேட்டீங்களா உம்மா?"

"ஓம்."

ஜெஸ்லியா சஹனைப் பாயில் வைத்து எதிரே உட்கார்ந்தாள். உம்மா திட்டுவாளென்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

"நேத்து நீ சொன்ன நேரம் நான் காலடியிலதான இருந்த," என்றாள் பாத்தும்மா.

"ஓம் உம்மா."

"அவர் சிரிச்சவர்."

"ஓம்."

"எத்தின மாசத்துக்குப் பிறகு."

ஜெஸ்லியா தலையைக் குனிந்துகொண்டாள். பாத்தும்மா செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றிக் கழுவினாள். செம்பை மகளிடம் தள்ளினாள்.

"பிஸ்மி சொல்லிச் சாப்பிடு. காலையிலிருந்து ஒண்டும் தின்னல்ல நீ."

அவள் தன் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்தாள். ஜெஸ்லியாவும் தன் பக்கத்திலிருந்து எடுத்தாள். இரண்டு பேரும் தின்றார்கள். உம்மாவின் பக்கம் குழி விழுந்தது. மகளின் பக்கம் குழி விழுந்தது. சஹனில் வாப்பா வழமையாக இருக்கிற பக்கத்துச் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டு பேருடைய கையும் அங்கே போகவில்லை.